காணி தேடி வந்த வைத்தியர்: ஒக்லாந்தின் தந்தை ஜோன் லோகன் கம்பெல்

மனுகாவில் இருந்து ஒக்லாந்து நகரத்துக்குப் போகும் வழியில், எமது பிள்ளைகள் ஒன் ட்ரீ ஹில் என்று சொல்லும் மௌங்ககியேகியே மலை நிற்கிறது. விடுமுறை நாட்களில் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு குடும்பமாக அங்கே போகிறோம். கோர்ன்வோல் பூங்காவில் மேயும் ஆடு மாடுகளைப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறோம். மெதுவாக உச்சிக்கு ஏறுகிறோம். 182 மீற்றர் உயரமான அந்த உச்சியில் நின்றால் வடக்கே வைட்டெமட்டாத் துறைமுகமும் தெற்கே மனுகாவ் துறைமுகமும் தெரியும். மனுகாவ் பக்கம் தெரியும் கூரைகளில் எம்மவரின் கூரைகளும் உண்டு.

உச்சியில் ஓர் உயர்ந்த தூபி இருக்கிறது. அதன் அடியில் ஒரு கல்லறை இருக்கிறது. அங்கே புதைக்கப்பட்டிருப்பவர் ஜோன் லோகன் கம்பெல். ஒக்லாந்தின் தந்தை என்று இந்த நகரம் இன்றும் அழைப்பது அவரைத்தான். பட்டப்படிப்பால் வைத்தியர், தொழிலால் வணிகர். ஆனால் வாழ்நாள் முழுவதும் அவர் தேடியதும், வாங்கியதும், கடன்பட்டுக் காத்ததும், கடைசியில் தானமாகக் கொடுத்ததும் காணி.

இப்போது அவரைப் பற்றி எழுத ஒரு காரணம் உண்டு. மனுகாவிலும் பாப்பாடோய்டோயிலும் மனுரேவாவிலும் வாழும் எம்மவர் பலர் தாம் குடியிருக்கும் வீட்டுக்கு மேலாக இன்னொரு வீடு வாங்குவது பற்றிப் பேசத் தொடங்கியுள்ளனர். எந்த வீடு விலைக்கு வரப்போகிறது என்பதை மற்றவர்களுக்கு முன்னர் அறிவது எப்படி, வங்கி கடன் தராவிட்டால் விற்பவரிடமே தவணை பேசுவது எப்படி என்பவை கோயில் மண்டபத்திலும் பிறந்தநாள் வீட்டிலும் அடிபடும் கதைகள். வெண்டர் பினான்ஸ் என்ற சொல் இப்போது எமது அப்பம்மாக்களுக்கும் தெரியும். இந்த இரண்டு வித்தைகளும் புதியவை அல்ல. இந்த நகரம் அவற்றின் மேல்தான் எழுந்தது. எழுப்பியவர்களில் முதன்மையானவரின் வாழ்க்கையைப் பார்த்தால், காணி எப்படிக் கைமாறுகிறது, யார் பிழைக்கிறார், யார் நிலமற்றுப் போகிறார் என்பது விளங்கும். காணியை இழந்து வந்த எமக்கு அது மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதலாகவே விளங்கும்.

கம்பெல் 1817 நவம்பர் 3 அன்று ஸ்கொட்லாந்தின் எடின்பரோவில் ஒரு வைத்தியரின் மகனாகப் பிறந்தார். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து 1839இல் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் கப்பல் வைத்தியராக அவுஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டார். கப்பலின் பெயர் பல்மைரா. பனைமரத்தை ஆங்கிலத்தில் அப்படித்தானே சொல்கிறோம். பனை நாட்டில் இருந்து வந்த எமக்கு அந்தப் பெயரில் ஒரு சின்னச் சிரிப்பு வரும்.

அவுஸ்திரேலியா அவரை ஈர்க்கவில்லை. 1840இல் நியூசிலாந்துக்கு வந்து கொரமண்டல் கரையில் இறங்கினார். வில்லியம் பிரவுன் என்ற ஸ்கொட்லாந்து வழக்கறிஞர் அவருடைய பங்காளியானார். ஒருவருக்குச் சட்டம் தெரியும். மற்றவருக்கு வயது 22, பயம் தெரியாது. இருவர் கையிலும் பெரிய பணம் இல்லை. ஆனால் ஒரு கணிப்பு இருந்தது.

அந்த ஆண்டு பெப்ரவரி 6 அன்றுதான் பிரித்தானிய முடிக்கும் மாவோரித் தலைவர்களுக்கும் இடையே வைத்தாங்கி ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. ஆளுநர் ஹொப்சன் தலைநகரம் ஒன்றை அமைக்க இடம் தேடிக்கொண்டிருந்தார். தலைநகரம் எங்கே வருமோ அங்கே காணி விலை ஏறும். அந்த இடத்தை அறிவிப்பு வருமுன் கண்டுபிடித்து வாங்கிவிட்டால் வாழ்க்கை நிமிர்ந்துவிடும். இன்று ரயில் நிலையம் எங்கே வருகிறது, எந்தத் தெருவில் மாடிக்கட்டடத்துக்கு அனுமதி கிடைக்கிறது என்று மாநகரசபையின் திட்டங்களைத் துருவிப் பார்ப்பவர் செய்வதும் இதே வேலைதான்.

இரண்டு கடல்களுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் வைட்டெமட்டாக் கரையே தலைநகருக்குப் பொருத்தமானது என்று பிரவுனும் கம்பெல்லும் கணித்தனர். கணிப்புச் சரி. ஆனால் அந்த நிலத்தின் மக்களான ஙாட்டி ஃபாட்டுவா இனத்தார் அவர்களுக்கு விற்க மறுத்துவிட்டனர். நல்ல துப்புக் கிடைத்தும் விற்பவர் இசையாவிட்டால் அது வெறும் துப்புத்தான். வேறு வழியின்றி இருவரும் துறைமுக வாயிலில் இருந்த மோட்டுகொரேயாத் தீவை 1840 மே 22 அன்று ஙாட்டி தமட்டேரா மக்களிடம் வாங்கினர். இன்று பிரவுன்ஸ் ஐலண்ட் என்று வரைபடத்தில் இருப்பது அதுதான். அங்கே பன்றி வளர்த்துக்கொண்டு, எதிர்க்கரையைப் பார்த்தபடி, தலைநகரம் வரும்வரை காத்திருந்தனர்.

இந்த இடத்தில் எமது ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் தொகுத்த தேசவழமைச் சட்டத்தில் முற்கொள்வனவு உரிமை என்று ஒன்று உண்டு. யாழ்ப்பாணத்தில் ஒருவர் காணியை விற்க நினைத்தால் முதலில் உரித்தாளருக்கும் பங்காளிகளுக்கும், அந்தக் காணியை ஒற்றி பிடித்திருக்கும் அயலவருக்கும் அறிவிக்க வேண்டும். அவர்கள் வேண்டாம் என்ற பிறகுதான் பிறத்தியாருக்கு விற்கலாம். காணி ஊரைவிட்டுப் போகாமல் காக்கும் வேலி அது.

வைத்தாங்கி ஒப்பந்தத்திலும் முற்கொள்வனவு உரிமை உண்டு. ஆனால் அது உறவினருக்கோ அயலவருக்கோ கொடுக்கப்படவில்லை. பிரித்தானிய முடிக்குக் கொடுக்கப்பட்டது. மாவோரி மக்கள் காணியை விற்பதானால் முடிக்கு மட்டுமே விற்கலாம். ஏமாற்றுக்காரரிடம் இருந்து அவர்களைக் காப்பதற்கு என்று காரணம் சொல்லப்பட்டது. ஆனால் வாங்குபவர் ஒருவர்தான் என்றால் விலையும் அவர் சொல்வதுதான். பெயர் ஒன்றாக இருந்தாலும் ஒரு சட்டம் விற்பவரின் சுற்றத்தைக் காத்தது. மற்றது வாங்குபவரின் பணப்பையைக் காத்தது.

அதன் விளைவு விரைவில் தெரிந்தது. தமது பகுதியில் அரசு அமைந்தால் பகைவரிடம் இருந்து பாதுகாப்பும் வணிகமும் வரும் என்று எண்ணிய ஙாட்டி ஃபாட்டுவாத் தலைவர் ஆப்பிஹாய் தே கவாவு, ஹொப்சனை வைட்டெமட்டாவுக்கு அழைத்தார். 1840 செப்டம்பர் 18 அன்று கொடி ஏற்றப்பட்டது. ஒக்ரோபர் 20 அன்று எழுதப்பட்ட உறுதியின்படி சுமார் 3,000 ஏக்கர் நிலம் முடிக்குப் போனது. கொடுக்கப்பட்டது 50 பவுண் காசு. அதனுடன் 50 போர்வைகள், 20 காற்சட்டைகள், 20 மேற்சட்டைகள், புகையிலை, இரும்புச் சட்டிகள், கைக்கோடரிகள், சீனி ஒரு மூட்டை, மா ஒரு மூட்டை.

ஆறு மாதம் கழித்து, 1841 ஏப்ரல் 19 அன்று, முடி அந்த நிலத்தில் முதல் ஏலத்தை நடத்தியது. 44 ஏக்கர் அளவான நகரக் காணித்துண்டுகள் விற்று வந்த பணம் 24,000 பவுணுக்கு மேல். ஏலத்தில் எடுத்தவர்களில் பலர் துண்டுகளை மேலும் சிறிய துண்டுகளாக வெட்டி உடனே மறுவிற்பனை செய்தனர். இந்த நகரத்தின் முதல் வீடு மனை வணிகர் அரசாங்கம்தான் என்று சொன்னால் அது மிகை அல்ல.

கம்பெல் அந்த ஏலத்துக்கு முன்பே கரை சேர்ந்துவிட்டார். 1840 டிசம்பர் 21 அன்று, இன்று ஷோர்ட்லண்ட் வீதி தொடங்கும் இடத்துக்கு அருகே கூடாரம் அடித்துக் கடை திறந்தார். ஏலத்தில் அவரும் பிரவுனும் ஒரு துண்டை வாங்கினர். அதில் எழுந்த அக்கேசியாக் குடில் என்ற சிறிய மரவீடு இன்று கோர்ன்வோல் பூங்காவுக்குள் இருக்கிறது. பல தடவை அதைக் கடந்து நடந்திருக்கிறோம். ஒரு நகரத்தின் முதல் செல்வர்கள் இவ்வளவு சிறிய வீட்டிலா இருந்தார்கள் என்று பிள்ளைகள் வியப்பார்கள். வன்னியில் தறப்பாள் கொட்டிலில் இருந்து பிறகு இங்கே வீடு வாங்கியவர்கள் எம்மிடையே உண்டு. அவர்கள் வியப்பதில்லை.

பிரவுன் அன்ட் கம்பெல் என்ற அந்த வணிக நிறுவனம் இறக்குமதி, ஏற்றுமதி, ஏலம், காணி என்று எல்லாவற்றிலும் கை வைத்தது. 1843இல் பிரவுன் சதர்ன் குரொஸ் என்ற பத்திரிகையைத் தொடங்கினார். 1844இல் பொலினா என்ற கப்பலில் ஒக்லாந்தில் இருந்து பிரித்தானியாவுக்கு நேரடியாகச் சரக்கு அனுப்பினர். வங்கிகள் வேரூன்றாத குடியேற்றத்தில் காசு அரிது. ஆகவே வணிகரே கடன் கொடுப்பவருமானார். விதையும் மாவும் கருவியும் கடனுக்குப் போகும். அறுவடை முடிந்ததும் கணக்குத் தீரும். தீராவிட்டால் காணி ஈடாக நிற்கும். கடனைத் திருப்ப முடியாதவர் யார் என்பது வணிகருக்கு முதலில் தெரியும். அதனால் எந்தக் காணி விலைக்கு வரும் என்பதும் அவருக்கே முதலில் தெரியும். துப்பும் கடனும் ஒரே கணக்குப் புத்தகத்தில்தான் இருந்தன.

காணித் தொழிலின் மாறாத உண்மை இது. விலைக்கு வரும் வீட்டுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு சாவு, ஒரு பிரிவு, ஒரு வேலையிழப்பு, ஒரு கடன் இருக்கிறது. துப்புத் தேடுவது என்பது பல வேளைகளில் இன்னொருவரின் கஷ்டத்தைத் தேடுவது. அதைத் தெரிந்துகொண்டு நியாயமான விலை கொடுப்பவரும் உண்டு. அதையே ஆயுதமாக்கி அடிமாட்டு விலை கேட்பவரும் உண்டு.

நாம் வாழும் மனுகாவின் கதை இன்னும் பழையது. கம்பெல் வருவதற்கு முன்னரே, 1836இல், வில்லியம் ஃபெயர்பர்ன் என்ற மிஷனரி டாமக்கி என்ற பெருநிலத்தை மாவோரி மக்களிடம் வாங்கினார். இன்றைய ஒட்டாஹூஹு, பாப்பாடோய்டோய், ஓட்டாரா, பக்குரங்கா எல்லாம் அதற்குள் அடங்கும். முதற் கொடுப்பனவாக 90 போர்வைகளும் 26 மண்வெட்டிகளும் 900 இறாத்தல் புகையிலையும் வேறு சில கருவிகளும் போயின. சண்டையிட்ட இனங்களுக்கு நடுவே அந்த நிலம் தன் கையில் இருந்தால் சமாதானம் நிலைக்கும் என்பது அவர் சொன்ன நியாயம். 1837இல் நிலத்தில் மூன்றிலொரு பங்கைப் பழைய உரிமையாளருக்குத் திருப்பிக் கொடுப்பதாகவும் அவர் எழுதிக் கொடுத்தார். பின்னர் முடி அவருக்கு ஒரு பகுதியை மட்டும் விட்டுவிட்டு மீதியைத் தான் எடுத்துக்கொண்டு குடியேற்றக்காரருக்குப் பிரித்துக் கொடுத்தது. திருப்பிக் கொடுப்பதாக எழுதப்பட்ட மூன்றிலொரு பங்கு நிறைவேறவில்லை. எமது வீட்டுக் காணிகளின் வேரைத் தோண்டினால், காப்பாற்றப்படாத அந்த வாக்கு வந்து நிற்கும்.

கம்பெல்லிடம் திரும்புவோம். 1853இல் பிரவுனும் அவரும் மௌங்ககியேகியேயைச் சுற்றியிருந்த சுமார் 1,000 ஏக்கர் தோட்டத்தை வாங்கினர். எமது ஊர்க் கணக்கில் ஏக்கருக்கு 16 பரப்பு என்றால் 16,000 பரப்பு. ஒன் ட்ரீ ஹில் தோட்டம் என்று அதற்குப் பெயரிட்டனர். 1855இல் கம்பெல் ஒக்லாந்து மாகாணத்தின் தலைமை அதிகாரியாகத் தெரிவானார். ஆனால் அவருடைய மனம் ஐரோப்பாவில் இருந்தது. செல்வம் சேர்ந்ததும் காணியையும் கடையையும் முகாமையாளரிடம் விட்டுவிட்டுப் புறப்பட்டார். 1858இல், ஓராண்டுக்கு முன் பெரும் எழுச்சி தொடங்கிய அதே மீரட் நகரில், கிழக்கிந்தியக் கம்பனி அதிகாரி ஒருவரின் மகளான எம்மா வில்சனை மணந்தார். 1861 முதல் பத்தாண்டுகள் குடும்பத்துடன் ஐரோப்பாவில், பெரும்பாலும் இத்தாலியில், வாழ்ந்தார்.

தூரத்தில் இருந்து காணியை ஆள்வது என்றால் என்ன என்று எமக்குத் தெரியும். அற்றோணித் தத்துவத்தை ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, வாடகை வருகிறதா, வேலி நிற்கிறதா என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருக்கும் குடும்பங்கள் எத்தனை! கம்பெல்லுக்கும் அதே நிலைதான். 1865இல் தலைநகரம் வெலிங்ரனுக்குப் போனது. போர் முடிந்து படைகளும் போயின. ஒக்லாந்தில் காணி விலை விழுந்தது, நிறுவனம் தடுமாறியது. 1871இல் நிலைமையைச் சரிசெய்யத் திரும்பி வந்தவர் அதன் பின் இங்கேயே தங்கினார்.

பிரவுன் பிரித்தானியாவிலேயே தங்கிவிட்டார். 1873இல் அவருடைய பங்கைக் கம்பெல் 40,000 பவுணுக்கு வாங்கினார். ஒரு காலத்தில் பன்றி வளர்த்த தீவில் ஒன்றாகப் பட்டினி கிடந்த இருவரின் கணக்கு அத்துடன் முடிந்தது. முழுச் சொத்தும் இவருடையதானது. முழுச் சுமையும் இவருடையதானது. 1880களில் நியூசிலாந்தை நீண்ட பொருளாதாரச் சரிவு பிடித்தது. காணி இருந்தது, காசு இல்லை. வங்கிக் கடன் ஏறியது. அறுபது கடந்த வயதில் கம்பெல் திவாலாகும் விளிம்பில் நின்றார். அவரைத் தாங்கியது காணியன்று, மதுவடிக்கும் தொழில். 1897இல் அவருடைய மதுவடிசாலை லூயிஸ் ஏரன்பிரைட்டின் நிறுவனத்துடன் இணைந்த பிறகே கடன் மெல்லத் தீர்ந்தது.

சொந்த வாழ்வின் இழப்புகள் அதைவிடப் பெரியவை. நான்கு பிள்ளைகளில் பெற்றோருக்குப் பின் எஞ்சியவர் வினிஃப்ரெட் ஒருவரே. 1880இல் மகள் ஐடாவின் சாவு அவரை உலுக்கியது. யாருக்காகச் சேர்த்தோம் என்ற கேள்வி அந்த வீட்டில் எழுந்திருக்க வேண்டும். 1878இல் அவர் தனது செலவில் ஓர் இலவச ஓவியப் பள்ளியைத் தொடங்கிப் பத்தாண்டுகளுக்கு மேல் நடத்தினார். கடன் நெருக்கிய காலத்திலும் ஒன் ட்ரீ ஹில் தோட்டத்தின் நடுப்பகுதியை அவர் விற்றுத் தப்பவில்லை.

அதே காலத்தில் இந்த நாட்டில் விற்பவரே கடன் கொடுக்கும் முறையை அரசு கையில் எடுத்தது. முழுப்பணம் இல்லாதவருக்கு முடிக் காணி தவணையில் விற்கப்பட்டது. ஒட்டாகோவில் 1872இல் தொடங்கிய இந்த முறை 1877இன் காணிச் சட்டத்தால் நாடு முழுவதற்கும் வந்தது. வாங்குபவர் காணியில் குடியிருந்து, அதைத் திருத்தி, ஆண்டுதோறும் பணம் கட்டி முடித்ததும் உறுதி அவர் பெயருக்கு வரும். 1892இல் காணி அமைச்சர் ஜோன் மக்கென்சி 999 ஆண்டுக் குத்தகையைக் கொண்டுவந்தார். ஆரம்பப் பெறுமதியில் 4 வீதம் மட்டுமே வாடகை. பின்னர் காணி விலை ஏறினாலும் வாடகை ஏறாது. இந்த மக்கென்சியும் ஸ்கொட்லாந்துக்காரர்தான். நிலப்பிரபுக்கள் குடியானவரைத் துரத்திய காலத்தில் அங்கே பிறந்து, அந்த நினைவோடு வந்தவர். 1894இல் குடியேறியவருக்கு அரசே குறைந்த வட்டிக்குக் கடன் கொடுக்கும் சட்டமும் வந்தது. ஏழைகள் பலர் இவற்றால் காணிக்காரர் ஆயினர். ஆனால் அவர்களுக்கு விற்ற காணியின் பெரும்பகுதி மாவோரி மக்களிடம் குறைந்த விலைக்கு வாங்கப்பட்டது. துரத்தப்பட்ட ஒரு மக்களின் பிள்ளை இன்னொரு மக்களின் நிலம் சுருங்கக் காரணமானார். புலம்பெயர்ந்த நாம் இந்த வரியைக் கடந்துபோய்விடக் கூடாது.

1901இல் கோர்ன்வோல் கோமகனும் கோமகளும் ஒக்லாந்துக்கு வந்தனர். அவர்களை வரவேற்பதற்காக 83 வயதில் கம்பெல் சில மாதங்கள் நகர மேயராக இருந்தார். அந்த யூனில் ஒன் ட்ரீ ஹில் தோட்டத்தின் 230 ஏக்கரை மக்களுக்கு எழுதிக் கொடுத்தார். எமது கணக்கில் 3,680 பரப்பு. விருந்தாளிகளின் பெயரால் அது கோர்ன்வோல் பூங்கா ஆனது. 1903இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. 1902இல் அவருக்கு சேர் பட்டம் கிடைத்தது. 1906இல் மனுகாவ் வீதியில், பூங்கா வாயிலுக்கு அருகில், அவருக்குச் சிலை எழுந்தது. உயிரோடிருக்கும்போதே தன் சிலையைப் பார்த்தவர் அவர். 1912 யூன் 22 அன்று 94 வயதில் இறந்தார்.

தானத்திலும் ஒரு காணி வணிகரின் முன்யோசனை இருந்தது. பூங்காவைச் சுற்றியிருந்த காணிகளும் அறக்கட்டளைக்குப் போயின. அவை விற்கப்படவில்லை, குத்தகைக்கு விடப்பட்டன. வீடு குத்தகைக்காரருடையது, அதன் கீழிருக்கும் நிலம் அறக்கட்டளையுடையது. அந்த வருமானத்தில்தான் நாம் இலவசமாக நடக்கும் புல்வெளி பராமரிக்கப்படுகிறது. ஆனால் 21 ஆண்டுகளுக்கு ஒருமுறை நிலத்தின் பெறுமதி மறுபடி கணிக்கப்படும். ஒக்லாந்தில் காணி விலை ஏறிய ஏற்றத்தில், அந்த மறுகணிப்பு வந்தபோது சில வீடுகளின் நிலவாடகை பல மடங்காகியது. கட்ட முடியாமல் வீட்டை விட்டுப் போனவர்கள் உண்டு, வழக்குகளும் நடந்தன. 999 ஆண்டுக்கு மாறாத வாடகைக்கும், 21 ஆண்டுக்கு ஒருமுறை சந்தையோடு எழும் வாடகைக்கும் உள்ள வேறுபாடு பத்திரத்தில் ஒரே ஒரு பந்தி. குடும்பத்தின் வாழ்வில் அது இரண்டு தலைமுறை.

கம்பெல் தன் உயிலில் 5,000 பவுண் ஒதுக்கி மலையுச்சியில் மாவோரி மக்களுக்கு ஒரு நினைவுத்தூபி எழுப்பச் சொல்லியிருந்தார். அந்த மக்கள் அழிந்து போய்விடுவார்கள் என்று அவர் காலத்து வெள்ளையர் பலரைப் போலவே அவரும் நம்பினார். தூபி 1940இல் எழுந்தது. போர்க்காலத்தில் திறப்பது மாவோரி மரபுக்கு ஒவ்வாது என்பதால் 1948 ஏப்ரலில்தான் திறக்கப்பட்டது.

ஆனால் அந்த மக்கள் அழியவில்லை. நிலம்தான் போயிருந்தது. 1840இல் ஹொப்சனை வரவேற்ற ஙாட்டி ஃபாட்டுவா இனத்தார் 1951இல் ஒக்காஹூக் குடாவில் இருந்த கடைசிக் கிராமத்தில் இருந்தும் வெளியேற்றப்பட்டனர். வீடுகள் கொளுத்தப்பட்டன. ஒக்லாந்து முழுவதற்கும் உரியவராக இருந்தவர்களுக்கு எஞ்சியது ஒரு சிறிய மயானம். 1977இல் மிச்ச நிலத்தையும் அரசு விற்கப் பார்த்தபோது பாஸ்ரியன் பொயின்ற் மேட்டில் 506 நாட்கள் அமர்ந்திருந்தனர். 1978 மே 25 அன்று 222 பேர் கைதாகினர். பின்னர் அந்த நிலம் திரும்பக் கிடைத்தது. 1994இல் ஒரு மாவோரிச் செயற்பாட்டாளர் மலையுச்சியில் நின்ற பைன் மரத்தை வாளால் அறுத்தார். 2000இல் அந்த மரம் அகற்றப்பட்டது. 2014இல் சட்டம் ஒன்றின் மூலம் மலையின் உரிமை ஒக்லாந்தின் மாவோரி இனங்களுக்குத் திரும்பியது. 2016இல் உச்சியில் நாட்டு மரக்கன்றுகள் நடப்பட்டன. அடுத்த முறை ஏறும்போது அந்தக் கன்றுகளையும் பிள்ளைகளுக்குக் காட்டுவோம்.

இனி எமது கதைக்கு வருவோம். மனுகாவில் வீடு தேடும் ஒரு குடும்பத்துக்கு விற்பவரே தவணை தர முன்வந்தால் அதைத் தீமை என்று ஒதுக்க வேண்டியதில்லை. வங்கி வாயில் மூடியிருக்கும் புதிய குடியேறிக்கு அது ஏணியாகலாம். எமது முன்னோர் ஒற்றியும் ஈடும் எழுதி வாழ்ந்தவர்கள்தானே. ஆனால் ஒரு கேள்வி எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்க வேண்டும். உரிமை யார் பெயரில், எந்த நாளில் மாறும்?

ஓர் உதாரணம். விலை 8 இலட்சம் டொலர். விற்பவருக்கு வங்கியில் 5 இலட்சம் கடன் இருக்கிறது. நாம் வாரந்தோறும் அவருக்குப் பணம் கட்டுகிறோம். வீட்டில் குடியிருக்கிறோம், சமையலறையைத் திருத்துகிறோம், முற்றத்தில் முருங்கை வைக்கிறோம். கடைசித் தவணை வரை பதிவில் அவர் பெயர்தான். அவர் தன் வங்கிக்குக் கட்டாமல் விட்டால் வங்கி வீட்டை ஏலத்தில் விற்கும். எமது தவணைப் பற்றுச்சீட்டுகள் அந்த ஏலத்தைத் தடுக்கா. ஆகவே கையெழுத்துக்கு முன் எமக்கென்று ஒரு வழக்கறிஞர் வேண்டும். விற்பவரின் வழக்கறிஞர் போதாது. காணிப் பதிவில் ஏற்கெனவே இருக்கும் அடமானங்களைப் பார்க்க வேண்டும். எமது உரிமையைக் காட்டும் கேவியட் என்ற தடைக்குறிப்பைப் பதிவில் போட முடியுமா என்று கேட்க வேண்டும். தவணை தவறினால் என்ன நடக்கும், வட்டி எப்போது மாறும் என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். சொந்தக்காரர், ஊர்க்காரர் என்பதற்காக இவற்றை விட்டுவிடக் கூடாது. உறவைக் காப்பதும் எழுத்துத்தான்.

எம்மில் சிலர் நாளை விற்பவராகவும் இருப்போம். புதிதாக வந்த இன்னொரு குடும்பத்துக்குத் தவணை கொடுக்கும் நிலையில் நிற்போம். அவர் கஷ்டத்தில் வந்திருப்பார், ஆங்கிலம் முழுதாக விளங்காமல் இருப்பார், எமது சொல்லை நம்புவார். தே கவாவுவும் நம்பித்தான் கையெழுத்திட்டார். 50 பவுணும் போர்வையும் மாவும் சட்டப்படி விலைதான். ஆனால் அந்த விலையின் பாக்கியை இந்த நகரம் இன்னமும் கட்டிக்கொண்டிருக்கிறது.

கம்பெல் கெட்டவரும் அல்லர், மகானும் அல்லர். கணித்தார், வாங்கினார், கடனில் மூழ்கி எழுந்தார், பிள்ளைகளைப் புதைத்தார், கடைசியில் பெரும் நிலத்தை ஊருக்குக் கொடுத்தார். அந்தத் தானத்தின் நிழலில் எமது பிள்ளைகள் விளையாடுகிறார்கள். அந்த நிலம் அவருக்கு முன் யாருடையதாக இருந்தது என்பதையும் அவர்களுக்குச் சொல்லி வளர்ப்போம். வலிகாமத்திலும் முல்லைத்தீவிலும் தங்கள் பாட்டனார் காணி ஏன் இன்னும் முட்கம்பிக்குள் இருக்கிறது என்று அந்தப் பிள்ளைகள் ஒருநாள் கேட்கத்தான் போகிறார்கள். எமது காணிக்காக நியாயம் கேட்கும் நாம், இங்கே வாங்கும்போதும் விற்கும்போதும் அதே நியாயத்தோடு நடந்தால்தான் அவர்களுக்கு முகம் பார்த்துப் பதில் சொல்ல முடியும்.